செத்தால் தியாகி, இருந்தால் தினக்கூலி

காட்டில் தீ பிடித்தால் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் உத்தராகண்டில் நைனிடால் பக்கம் மலைக்காடு எரிந்தபோது அது கிடைத்தது. விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் பெரிய வாளியை முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பறந்து போய்க் காட்டின் மேல் ஊற்றியது. பார்க்க ஜோரான காட்சிதான். சந்தேகமில்லை.

ஹெலிகாப்டர் திரும்பிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. தண்ணீர் பட்டதும் அணைந்த மாதிரி தெரியும் கட்டை உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். காற்றடித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, மண்ணை அள்ளிப் போட்டு, பச்சைக் கிளையால் அடித்து, கடைசிப் பொறி சாகும் வரை கூடவே நிற்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அரசாங்கக் கணக்கில் அவருக்குத் 'தற்காலிகப் பணியாளர்' என்று பெயர். நாலு மாதத்துக்கு எடுப்பார்கள். மழை வந்ததும் போகச் சொல்லிவிடுவார்கள்.

அவர்களைப் பற்றி நாடு கேள்விப்பட்டது ஒன்றரை மாதம் கழித்து. 2024 ஜூன் 13ம் தேதி அல்மோரா மாவட்டம் பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் தீயணைக்கப் போன எட்டுப் பேர் நெருப்புக்குள் சிக்கினார்கள். நாலு பேர் அங்கேயே கருகிப் போனார்கள். மற்ற நாலு பேருக்கும் தீக்காயம். செத்த நாலு பேரில் ஒருவர் வனத்துறையின் பீட் அலுவலர். இன்னொருவர் தீ சீசனுக்கு எடுக்கப்பட்ட ஃபயர் வாட்சர். மூன்றாமவர் தினக்கூலி. நாலாமவர் பி.ஆர்.டி. என்ற மாநிலத் துணைப் படைக்காரர். அந்தப் படைக்கும் நாள் கணக்கில்தான் படி. ஆக, நாலு பிணத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவர். மிச்சம் மூன்று பேர் நாள் கணக்கு.

அது தற்செயல் என்று யாராவது நினைத்தால், நாலு வருடம் பின்னால் போய் 2020 பிப்ரவரி 16ம் தேதியைப் பார்க்கட்டும். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் காட்டுத்தீயை அணைக்கப் போன மூன்று வாட்சர்கள் செத்தார்கள். அதிலும் தற்காலிகப் பணியாளர் உண்டு. இந்தியாவில் காடு எரியும்போது நெருப்புக்கு மிக அருகில் நிற்பவர், அரசாங்கத்துக்கு மிகத் தூரத்தில் வைக்கப்பட்டிருப்பவர்தான். இந்த ஏற்பாட்டைத்தான் 'இயற்கைப் பாதுகாப்பு' என்று மேடையில் பேசுகிறார்கள்.

இது 'சும்மா கூலி வேலை'யா?

தற்காலிகம் என்று சொல்வதற்கு முதலில் வைக்கும் சாக்கு, 'இது திறமை தேவைப்படாத கூலி வேலை' என்பது. அந்த வேலை என்ன என்று ஒருமுறை பார்க்கலாம்.

முதுமலை மாதிரியான இலையுதிர் காட்டில் ஜனவரி பிறந்ததும் புல் காய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் லேசாகப் பனி இருக்கும்போதே தீத்தடுப்புக் கோடு போட்டாக வேண்டும். அதாவது ரோட்டோரமும் எல்லையோரமும் பட்டையாகப் புல்லையும் புதரையும் வெட்டிக் காயவைத்து, ஆளே நின்று அதைக் கொளுத்திக் கருக்குவது. பின்னால் ஒருநாள் பெருந்தீ வந்தால் அந்தக் கருகிய பட்டையில் எரிய ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். கேட்க எளிது. ஆனால் கொளுத்தும் நேரம் தப்பினால் தடுப்புக் கோடே காட்டுத்தீ ஆகிவிடும். காலை ஈரம் எப்போது விலகும், மதியக் காற்று எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும், எந்தப் புல் நின்று எரியும், எந்தப் புல் ஓடி எரியும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை.

தீ மேட்டில் ஏறும்போது வேகம் பிடிக்கும். கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும் என்பதால், சரிவின் மேல் பக்கம் நிற்பவருக்குத் தப்பிக்க நேரம் இருக்காது. 2018 மார்ச் 11ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கே தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்ட பாடம் அது. வருடா வருடம் கோடு போடும் ஆளுக்கு அந்தப் பாடம் அதற்கு முன்பே தெரியும். அது தெரிந்துதான் அவர் உள்ளே போகிறார். புகையில் கண் தெரியாத இடத்தில் எதிரே யானை நிற்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

நீலகிரியில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் நிறையப் பேர். அதாவது, அந்தக் காட்டை யாரும் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பிருந்தே அதற்குள் வாழ்ந்தவர்கள். முதுமலை சரணாலயம் ஆனது 1940ல். புலிகள் காப்பகம் ஆனது 2007ல். காட்டுக்கு ஒவ்வொரு முறையும் பதவி உயர்வு கிடைத்தது. காட்டைக் காத்தவருக்குத்தான் கிடைக்கவில்லை.

வானத்திலிருந்து எஸ்.எம்.எஸ். வரும். ஆள் வருமா?

'இப்போதெல்லாம் சாட்டிலைட் இருக்கிறது சார், டிரோன் இருக்கிறது சார்' என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004லிருந்து செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டுபிடித்து மாநிலங்களுக்குத் தகவல் தருகிறது. பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கைப்பேசியில் செய்தி வரும். நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்தத் தகவலின் நுணுக்கம் எவ்வளவு? ஒரு வகைக் கருவியில் ஒரு புள்ளி என்றால் தரையில் 1 கிலோமீட்டர் சதுரம். இன்னும் நுணுக்கமான கருவியில் 375 மீட்டர். இந்த 375 மீட்டருக்குள் எந்த ஓடையோரம் எரிகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வழியாக ஏறினால் தீக்கு முன்னால் போகலாம் என்று செயற்கைக்கோள் சொல்லாது. அது தெரிந்த ஆள் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் தீயைப் பார்க்கும், அணைக்காது. இந்தச் சின்ன விஷயம் 'ஸ்மார்ட்' திட்டம் எழுதுகிறவர்கள் கண்ணில் படாமலே போகிறது.

புலிக் கணக்கும் இதே கதைதான். 2018ம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பு கின்னஸ் சாதனை ஆயிற்று. 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: தடயம் தேடிக் காலால் நடந்த தூரம் 5,22,996 கிலோமீட்டர். பூமியைப் பதின்மூன்று தடவை சுற்றி வரலாம். கேமராவுக்குக் கால் கிடையாது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் கட்டியவருக்கும், புலித்தடம் இது சிறுத்தைத்தடம் இது என்று கை நீட்டிக் காட்டியவருக்கும் கின்னஸ் சான்றிதழில் இடம் கிடையாது. 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 306 புலிகள் என்று வந்தபோது இனிப்பாகப் பேசினார்கள். கேமராவில் பதிவான ஒவ்வொரு புலிக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அவற்றைக் காத்தவர்களில் எத்தனை பேருக்குப் பணி எண் உண்டு?

'நாலு மாத வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமா?'

இதுதான் அதிகாரிகளின் பிரம்மாஸ்திரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உத்தராகண்டில் தீ சீசன் என்று வைத்திருப்பது பிப்ரவரி 15லிருந்து ஜூன் 15 வரை. கணக்குப் பார்த்தால் சுமார் 120 நாள். மழைக்காலத்தில் காடு எரியாது, அப்போது ஃபயர் வாட்சர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள்.

காட்டையே பார்க்காதவர் கேட்க வேண்டிய கேள்வி இது. காட்டுத்தீயை ஏப்ரலில் அணைப்பதில்லை. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில்தான் அணைக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்ணிச்செடி புகுந்து தரையை மூடிவிட்டது. காய்ந்தால் அது நல்ல எரிபொருள். தரையில் ஓட வேண்டிய நெருப்பை மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணி. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சள் பூப்பூக்கும் அன்னிய மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸ் பரவி, அடியில் புல் முளைக்க விடாமல் செய்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒருமுறை டெண்டர் விட்டு வெட்டிக்கொண்டு போனால் தீர்கிற சமாச்சாரம் அல்ல இது. மழைக்காலத்தில், மண் இளகியிருக்கும்போது, கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய்த் திரும்பப் பார்க்க வேண்டும்.

இது போக, தண்ணீர்க் குட்டை தூர் எடுப்பது, மழைக்கால வேட்டைத் தடுப்பு ரோந்து, ஊருக்குள் யானை வந்தால் ராத்திரி பூராவும் நின்று திருப்பி விடுவது, சுருக்குக் கம்பி தேடி எடுப்பது. பன்னிரண்டு மாதத்துக்கும் வேலை நிரம்பி வழிகிறது. இந்த வேலைகளில் பலவற்றை அதே ஆட்களை வைத்துத்தான் செய்துகொள்கிறார்கள், வேறு வேறு தலைப்பில், வேறு வேறு மஸ்டர் ரோலில், நடுவில் இடைவெளி விட்டு. இடைவெளி காட்டுக்குத் தேவைப்படவில்லை. ஃபைலுக்குத்தான் தேவைப்படுகிறது.

ஏன் என்று கேட்டால் பதில் சட்டத்தில் இருக்கிறது. 1947ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரைத் தொடர் பணியில் இருப்பவராகக் கருதியது. 120 நாள் என்பது அதில் சரிபாதி. வருடா வருடம் அதே ஆள், அதே காடு, அதே வேலை. ஆனால் எந்த வருடமும் அவர் 'தொடர்ந்து' வேலை பார்த்ததாக ஆகாது. சீசன் என்ற சொல் வானிலைத் துறையிலிருந்து கணக்குப் பிரிவுக்கு வந்தது இப்படித்தான்.

நீதிமன்றம் சொன்னதும், துறை காதில் வாங்காததும்

இது ஏதோ காம்ரேடுகள் மட்டும் பேசும் கோரிக்கை என்று நினைப்பவர்களுக்காக, உச்ச நீதிமன்றம் சொன்னவை சில.

1995 டிசம்பரில் மகாராஷ்டிர வனத்துறையின் வழக்கு ஒன்று வந்தது. சமூகக் காடு வளர்ப்பு வேலையில் வருடக்கணக்காகத் தற்காலிகமாக வைக்கப்பட்ட தொழிலாளர்கள் போட்டது. 'காடு வளர்ப்பது அரசின் இறையாண்மைப் பணி, இது தொழிலே அல்ல' என்று துறை வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரந்தர உரிமையைக் கொடுக்காமல் இருப்பதற்காக ஆட்களை வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது அந்த மாநிலச் சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை என்றது.

2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கு. தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்பதை உரிமையாகக் கருத முடியாது என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அன்றிலிருந்து எல்லாத் துறைக்கும் அதுதான் கேடயம். யார் வந்து கேட்டாலும் 'உமாதேவி' என்று ஒரு வார்த்தை. ஆனால் அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக முறைப்படுத்தச் சொன்னதையும், இனிமேல் இப்படி ஆள் எடுக்காதீர்கள் என்று சொன்னதையும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில், தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை பொருந்தும் என்று தீர்ப்பு. 2018 நவம்பரில் உத்தரப் பிரதேச வனத்துறையின் தினக்கூலிகளுக்கே, நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. 2024 டிசம்பரில் மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவு, தோட்ட வேலை பார்த்தவர்களின் வழக்கில் நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கி நீண்ட காலம் உழைத்தவர்களின் உரிமையை மறுக்கக் கூடாது, அரசு நிறுவனங்களே தற்காலிக வேலையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது.

அதாவது, வழக்குப் போட்டவருக்குக் கிடைக்கிறது. பின்சரிலோ மசினகுடியிலோ ஒரு ஃபயர் வாட்சர் கூலியை விட்டுவிட்டு டெல்லி வரை போய் வக்கீல் வைத்து வழக்காடினால் நியாயம் கிடைக்கலாம். இந்த 'கிடைக்கலாம்' மேல்தான் துறை நிம்மதியாகத் தூங்குகிறது.

பணம் இல்லையாம்

அடுத்த பல்லவி, நிதி இல்லை. காட்டை அழித்துச் சுரங்கமும் அணையும் கட்டுகிறவர்களிடம் வசூலித்த இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. கேம்பா என்பார்கள். 2016ல் அதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அதிலிருந்து மாநிலங்களுக்கு மாற்றிக் கொடுத்த தொகை 47,436 கோடி ரூபாய். காட்டுத்தீ தடுப்பு அந்தப் பணத்தைச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட வேலைகளில் ஒன்று.

இதே பின்சர் இருக்கும் உத்தராகண்டில் அந்தப் பணம் என்ன ஆயிற்று? 2025 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயரின் அறிக்கை சொல்கிறது: 2019லிருந்து 2022 வரை 13.86 கோடி ரூபாய் சம்பந்தமில்லாத செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஐபோன், லேப்டாப், ஃபிரிட்ஜ், கூலர், கட்டடப் பராமரிப்பு. காட்டுக்கான காசில் ஆபீஸ் ரூமுக்குக் கூலர்! காடு எரியும்போது உள்ளே போகும் ஆளுக்கு ஒழுங்கான பூட்ஸ், எரியாத துணியில் ஒரு சட்டை, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, ஒரு வயர்லெஸ் இவையெல்லாம் கேட்டால் மட்டும் 'நிதி ஒதுக்கீடு வரவில்லை'.

தீ வைப்பதே அவர்கள்தானே?

இதையும் பேசிவிட வேண்டும். இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதரால் வருவது என்பது உண்மை. 'தீ சீசனுக்குக் கூலி கொடுத்தால், கூலிக்காகவே தீ வைப்பார்கள்' என்று சில அதிகாரிகள் காதோடு காதாகச் சொல்வதுண்டு. ஒரு சமூகத்தையே தீவைப்பவர்களாகப் பார்க்கும் இந்தப் பார்வை புதிதல்ல. வெள்ளைக்காரன் காட்டை வேலி போட்டு எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து வருவது. 1921ல் குமாவுன் மலை மக்கள் தங்கள் காட்டு உரிமை பறிபோனதற்கு எதிர்ப்பாக அரசாங்கக் காடுகளைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த 1927ம் ஆண்டு இந்திய வனச் சட்டம், 79ம் பிரிவில், காட்டில் உரிமை உள்ளவர்கள் தீயணைக்க உதவியே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தது. தவறினால் தண்டனை. கூலியைப் பற்றிப் பேச்சில்லை. உரிமை பறிபோனது எங்கே, கடமை மட்டும் மிஞ்சியது எங்கே என்று பாருங்கள்.

சரி, அதிகாரிகளின் சந்தேகத்தையே ஒரு வாதத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். அப்படியும் அது யாருக்கு எதிராகப் போகிறது? எரிந்தால்தான் வேலை, எரியாவிட்டால் வேலை இல்லை என்ற ஏற்பாட்டை வைத்தது யார்? காடு பத்திரமாக இருக்கும் வருடத்தில் காவலாளிக்கு நஷ்டம் வருகிற மாதிரி சம்பளத்தை அமைத்துவிட்டு, பிறகு அவன் யோக்கியதையைச் சந்தேகப்படுவது அயோக்கியத்தனம். பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். தீ வராமல் இருப்பதில் முதல் அக்கறை அவருக்குத்தான் இருக்கும்.

தடுப்பதற்குக் காசு கொடுக்கலாம் என்பது அரசாங்கத்துக்கே தெரியாததல்ல. 2024 மே மாதம், இமயமலைப் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலையைக் காட்டிலிருந்து பொறுக்கி வந்து கொடுத்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று உத்தராகண்ட் அரசு அறிவித்தது. தீக்கு முதல் தீனி அந்த ஊசியிலைதான் என்பதால் அது நல்ல யோசனையே. ஊசியிலைக்கு விலை போட முடிந்தவர்களுக்கு ஆளுக்குச் சம்பளம் போட முடியவில்லை.

சனி ஞாயிறு சேவகர்கள்

கல்லூரி மாணவர்களும் ஐ.டி. இளைஞர்களும் வார இறுதியில் காட்டுக்குப் போய் பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டு வருகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் 'தன்னார்வலர்களே செய்கிறார்களே, சம்பளத்துக்கு எதற்கு ஆள்?' என்று அதைக் காட்டி வாதாட ஆரம்பித்தால் அது பம்மாத்து. ஞாயிற்றுக்கிழமை பொறுக்கிய பாட்டில் திங்கட்கிழமை மறுபடி விழும். ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்குச் சரிவில் தீ ஏறும்போது தன்னார்வலர் அங்கே இருக்கமாட்டார். இருக்கவும் கூடாது. படம் எடுத்துப் போட்ட டி-ஷர்ட் சேவையைக் காட்டி, அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் கூலியைக் குறைப்பது சேவையில் சேராது.

புகழ் வந்தால் மட்டும் கதவு திறக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதில் குட்டி யானைகளை வளர்த்த பெள்ளி அதுவரை தற்காலிகப் பணியாளர். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அவரைக் காவடியாக நிரந்தரமாக்கினார்கள். சந்தோஷம். ஆனால் முதுமலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஆஸ்கருக்கு எங்கே போவது?

இந்தத் தந்திரம் இந்தியாவின் தனிச்சொத்தும் அல்ல. பணக்கார அமெரிக்காவில் தேசியப் பூங்கா, தேசியக் காடுகளில் சீசன் வேலைக்கு வருபவருக்கு ஒரு வருடத்தில் 1,039 மணி நேரம்தான் வரம்பு. 1,040 ஆனால் அரை வருட வேலை ஆகிவிடும் அல்லவா! அங்கே அரசின் சீசன் தீயணைப்பாளருக்கு அரசு ஊழியரின் மருத்துவக் காப்பீடு 2012 வரை கிடையாது. 2024 செப்டம்பரில் அமெரிக்க வனத்துறை, தீயணைப்பு தவிர மற்ற சீசன் வேலைகளுக்கு அடுத்த ஆண்டு ஆளே எடுப்பதில்லை என்றது. சுமார் 2,400 வேலைகள் போயின. 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் சுமார் 1,000 பேரை ஒரே வீச்சில் நீக்கியபோது, யோசமிட்டி ஊழியர்கள் எல் காப்பிட்டான் பாறையில் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆபத்து அறிவித்தார்கள். அவர்களுக்குப் பாறையும் இருந்தது, கேமராவும் வந்தது. பின்சர் தினக்கூலி தொங்கவிட எங்கே போவார்?

என்னதான் செய்ய வேண்டும்?

1. தொடர்ந்து மூன்று சீசன் ஒரே காட்டில் வேலை பார்த்தவருக்குப் பன்னிரண்டு மாத வேலை. தீத்தடுப்பு, களைச்செடி அகற்றல், ரோந்து, யானை விரட்டல் எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் எழுதி, ஒரே ஆளுக்கு, ஒரே சம்பளப் பட்டியலில் கொடுக்க வேண்டும்.

2. அதுவரை, நெருப்புக்கு முன்னால் நிற்கும் எல்லோருக்கும் ஒரே காப்பீடு, ஒரே மருத்துவச் செலவு, ஒரே பூட்ஸ். நெருப்பு மஸ்டர் ரோல் பார்த்துச் சுடுவதில்லை.

3. சீசன் வாட்சரிலிருந்து நிரந்தர வாட்சர், அங்கிருந்து கார்டு என்று ஏறிப்போக ஒரு படிக்கட்டு. காட்டைத் தெரிந்தவரைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்தும் பழக்கம் ஒழிய வேண்டும்.

4. தனியார் ஏஜென்சியிடம் ஆள் எடுக்கும் பேச்சே கூடாது. நடுவில் கமிஷன் தின்ன இன்னொரு வாய் எதற்கு?

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 11ம் தேதி தேசிய வனத் தியாகிகள் தினம். 1730ல் ராஜஸ்தானின் கேஜர்லியில் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக 2013லிருந்து கொண்டாடுகிறார்கள். மலர்வளையம், வீரவணக்கம், இரண்டு நிமிட மௌனம். செத்துப்போன தினக்கூலியும் அன்றைக்குத் தியாகி. உயிரோடு இருந்தவரை அந்தத் தியாகிக்கு வருகைப் பதிவேட்டில்கூட நிலையான இடம் கிடையாது. மலர்வளையத்துக்கு ஆகும் செலவை வருங்கால வைப்புநிதியில் போட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்காவது உதவியிருக்கும்.

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி, பக்கத்து வனக்கோட்ட அலுவலகத்தில் கடந்த ஐந்து வருடத் தீ சீசன் மஸ்டர் ரோல் நகல் கேளுங்கள். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களைப் படியுங்கள். அதே பெயர்கள் வரிசையாக வந்தால் அது தற்காலிக வேலை இல்லை. ஐந்து வருடமாக நடக்கும் ஏமாற்று வேலை.